பென்டியம் வகுத்தல் வழு

பென்டியம் வகுத்தல் வழு என்பது இன்டெல் நிறுவனம் 1993 இல் வெளியிட்ட பென்டியம் நுண்செயலியின் தொடக்கப் பதிப்புகளில் இருந்த வன்பொருள் பிழை ஆகும். வகுத்தலை விரைவுபடுத்தச் சில்லினுள் அமைக்கப்பட்ட அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டிருந்தன. இதனால் குறிப்பிட்ட சில எண்களை வகுக்கும்போது மட்டும் விடை பிழையாக வந்தது.

கண்டுபிடிப்பு

அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமசு நைசிலி, 1994 இல் பகா எண்கள் குறித்த ஆய்வின்போது இதனைக் கண்டறிந்தார். மென்பொருள் முதலிய பிற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே, அக்டோபரில் இன்டெலுக்குத் தெரிவித்தார்.

சோதிக்கும் முறை

4195835 ஐ 3145727 ஆல் வகுத்தால் கிடைக்க வேண்டிய விடை ஏறத்தாழ 1.33382 ஆகும். வழுவுள்ள செயலி 1.33374 எனத் தந்தது. எனவே பயனர் எவரும் விரிதாள் மென்பொருளிலேயே தம் செயலியைச் சோதிக்க முடிந்தது.

மாற்றித் தருதல்

துல்லியமான கணிப்பு தமக்குத் தேவை என நிறுவும் பயனர்களுக்கு மட்டுமே செயலியை மாற்றித் தருவதாக இன்டெல் முதலில் கூறியது. இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் பென்டியம் கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20 அன்று, கேட்கும் அனைவருக்கும் காரணம் வினவாமல் இலவசமாக மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. இதற்கென அந்நிறுவனம் 47.5 கோடி டாலரைத் தன் கணக்கில் செலவாகக் காட்டியது. பொருளில் குறை இருப்பதே மாற்றீட்டுக்குப் போதுமானது. அக்குறையால் தாம் பாதிக்கப்படுவதை வாங்கியவர் நிறுவ வேண்டியதில்லை என்பது இந்நிகழ்வில் ஏற்கப்பட்டது.