இழுப்பது ஒன்று, தாங்குவது வேறு: பிக்கப் டிரக்கின் இரண்டு கணக்குகள்

2012 அக்டோபரில் எண்டவர் விண்வெளி ஓடத்தை லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தெருக்கள் வழியாக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியில் 405 நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலம். அதுவரை ஓடத்தைச் சுமந்து வந்த ராட்சத ஊர்திகளோடு சேர்த்தால் எடை பாலத்துக்கு அதிகம். அதனால் ஓடத்தை எடை குறைந்த ஒரு சக்கரமேடைக்கு மாற்றி, அதை ஒரு டொயோட்டா டண்ட்ரா பிக்கப்பில் கட்டி இழுத்தார்கள். மொத்தம் சுமார் 2,92,000 பவுண்டு, அதாவது 132 டன். கம்பெனி அந்த வண்டிக்குக் கொடுத்திருந்த இழுதிறனோ சுமார் 10,000 பவுண்டு, நாலரை டன்தான்.

அப்போ கம்பெனிக்காரன் குறைச்சுச் சொல்லிட்டானா? இல்லை. சமதளத்தில் நல்ல சக்கரங்கள் மேல் நிற்கும் பொருளை மெதுவாக உருட்ட, அதன் எடையில் நூறில் ஒரு பங்கு அளவு விசை இருந்தால் போதும். 132 டன்னுக்கு ஒன்றேகால் டன் சொச்சம். முதல் கியரில், நடக்கும் வேகத்தில், கால் மைல் தூரத்துக்கு அதைக் கொடுப்பது பெரிய சாதனையே இல்லை. 2019-ல் ஃபோர்டு தன் மின்சார எஃப்-150 முன்மாதிரியை வைத்து பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள ரயில் பெட்டிகளை இழுத்துக் காட்டியதும் இதே கணக்குதான். தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் இன்னும் லேசாக உருளும்.

ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது ஒரு கேள்வி. அதை எத்தனை நாள் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பது இன்னொரு கேள்வி. பிக்கப் டிரக்குகளை ஒப்பிடுபவர்கள் இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் பிறந்த இடமே வேறு.

பிக்கப் முதலில் இழுப்பதற்காக வந்த வண்டியே அல்ல. விவசாயிகள் காரின் பின்பக்கத்தை வெட்டி, மரப்பெட்டி பொருத்தி, மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து 1925-ல் ஃபோர்டு தன் மாடல் டி காருக்குத் தொழிற்சாலையிலேயே இரும்புப் பெட்டி வைத்து 281 டாலருக்கு விற்றது. 1948-ல் எஃப் வரிசை வந்தது. போருக்குப் பின் அமெரிக்கர்கள் கையில் காசும் விடுமுறையும் சேர, படகு, குதிரை வண்டி, வீட்டு டிரெய்லர் எல்லாம் பிக்கப்பின் வாலில் தொங்க ஆரம்பித்தன.

பெரிய திருப்பம் 1989. டாட்ஜ் தன் பிக்கப்பில் கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை வைத்தது. விவசாய இயந்திரங்களையும் நடுத்தர லாரிகளையும் மனதில் வைத்துச் செய்த எஞ்சின் அது. 160 குதிரைத்திறன்தான், ஆனால் குறைந்த சுழற்சியிலேயே முறுக்குவிசை கொட்டும். இதே பி வரிசை எஞ்சினைத்தான் 1993-ல் உருவான டாடா கம்மின்ஸ் ஜாம்ஷெட்பூரில் தயாரித்தது. நம்ம ஊர் டாடா லாரிகள் எத்தனையோ அதில்தான் ஓடின. எஞ்சின் மலை மாதிரி நின்றது. அதற்குப் பின்னால் இருந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் கையை விரித்தது என்பது பழைய டாட்ஜ் வைத்திருந்தவர்களின் நெடுநாள் புலம்பல். இழுதிறனும் தாங்குதிறனும் ஒரே வண்டிக்குள்ளேயே பிரிந்து நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதற்கப்புறம் விளம்பர எண்களின் போர். ஒருவர் 10,000 பவுண்டு என்றால் அடுத்தவர் 10,500 என்பார். பொது விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வசதியான முறையில் சோதித்து, தனக்குப் பிடித்த எண்ணைப் போட்டுக்கொண்டது. இதற்கு முடிவு கட்டத்தான் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ., 2008-ல் ஜே2807 என்ற விதியை வெளியிட்டது.

இதன் முக்கியமான சோதனை நடப்பது அரிசோனாவில், டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் தொடங்கும் ஒரு மலைச்சாலையில். சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றம், கிட்டத்தட்ட 3,000 அடி உயரம். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட், ஏசி முழு வேகத்தில். பின்னால் முழு லோடு. இத்தனைக்கும் நடுவில் சாதாரண பிக்கப்பின் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக்கூடாது, எஞ்சின் கொதிக்கக்கூடாது. இது போக, 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து முன்னும் பின்னும் நகர்த்திக் காட்ட வேண்டும். பிரேக்குக்கும் ஆட்டத்துக்கும் தனிச் சோதனைகள். வண்டிக்குள் ஓட்டுநரோடு இன்னொரு ஆளும் உண்டு. கணக்கில் ஆளுக்கு 150 பவுண்டு.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 5 சதவீத ஏற்றத்தில், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 7 டன் என்றால், உருளும் உராய்வும் காற்றும் போக இன்னும் 350 கிலோ விசை விடாமல் தேவை. அதையும் 64 கிலோமீட்டர் வேகத்தில், கால் மணி நேரத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எதிரி எடை அல்ல, வெப்பம். ரேடியேட்டரும் கியர்பாக்ஸ் ஆயிலும்தான் பரீட்சை எழுதுகின்றன.

விதி வந்ததும் எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. 2011 மாடல் டண்ட்ராவில் டொயோட்டா முதலில் ஏற்றது. இழுதிறன் எண்கள் சில நூறு பவுண்டுகளிலிருந்து ஆயிரம் பவுண்டு வரை இறங்கின. வண்டி மாறவே இல்லை, கணக்குதான் மாறியது. போட்டியாளர் குறைக்காதபோது நாம் ஏன் குறைக்க வேண்டும் என்று மற்றவர்கள் தயங்கினார்கள். ஃபோர்டு, ஜி.எம்., ராம் மூவரின் சாதாரண பிக்கப்புகளும் இந்த விதிக்குள் வர 2015 மாடல் வரை ஆனது. அதனால் 2008 மாடலையும் 2016 மாடலையும் இழுதிறன் எண் வைத்து ஒப்பிடுவது, இரண்டு வேறு தராசில் நிறுத்த சாமானை ஒப்பிடுவது மாதிரி.

சரி, நம்பகத்தன்மை? அதற்கு டேவிஸ் அணை மாதிரி ஒரு மலை கிடையாது. ஒருநாளில் முடிகிற சோதனை இல்லை. வாங்கியவர்கள் சொல்லும் சாட்சிதான் இருக்கிறது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் வாசகர்களிடம் ஆண்டுதோறும் கேட்டுத் தொகுக்கிறது. ஜே.டி. பவர், மூன்று வயதான வண்டிகளில் நூற்றுக்கு எத்தனை குறைகள் என்று எண்ணுகிறது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் மூன்று வருடத்தில் தெரிவது வேறு, பன்னிரண்டு வருடத்தில் தெரிவது வேறு.

நம்பகத்தன்மைக்கே பேர்போன டொயோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களின் டக்கோமா பிக்கப் எஞ்சினைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மாநிலங்களில் அதன் அடிச்சட்டம் உள்ளிருந்தே துருப்பிடித்தது. 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளுக்கு 2008-ல் கம்பெனி 15 ஆண்டு உத்தரவாதம் நீட்டித்தது. ரொம்ப மோசமானவற்றைச் சந்தை விலையைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. பின்வந்த மாடல்களிலும் இதே புகார் எழுந்து, 2016-ல் சுமார் 340 கோடி டாலர் மதிப்பிலான சமரசத்தில் போய் முடிந்தது. எந்த மூன்று வருடக் கணக்கெடுப்பிலும் இந்தத் துரு கண்ணில் பட்டிருக்காது.

ஆக, இழுதிறன் என்பது விற்பதற்கு முன் கம்பெனி கொடுக்கும் வாக்கு. நம்பகத்தன்மை என்பது விற்ற பிறகு காலம் கொடுக்கும் தீர்ப்பு. முதல் எண்ணை விளிம்பு வரைக்கும் பயன்படுத்துபவருக்கு இரண்டாவது சீக்கிரமே சுருங்கும்.

பழைய பிக்கப் வாங்கும்போது விவரம் தெரிந்தவர்கள் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை. பின்னால் போய் டிரெய்லர் கொக்கியைப் பார்ப்பார்கள், அதன் குமிழ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று. அப்புறம் குனிந்து அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். கியர்பாக்ஸ் ஆயிலை மோந்து பார்ப்பார்கள், கருகல் வாடை வருதா என்று. கிலோமீட்டர் மீட்டர் சொல்லாததை இந்த மூன்றும் சொல்லிவிடும்.