அடுப்புக் கால், ரயில்பாதை நட்டு, அம்மாவின் கொடிக்கயிறு: பாறை ஏற்றத்தின் ஆரம்பகால கருவிகள் உருவான கதை

இன்று பாறை ஏற்றம் ஒரு ஒலிம்பிக் விளையாட்டு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அது முதன்முதலாக இடம்பிடித்தது. ஏறுபவர்கள் கட்டும் கயிறு, இடுப்புப் பட்டை, கொக்கி வளையம் என எல்லாமே ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு கடைக்கு வருகின்றன.

ஆனா, தொடக்கத்தில் இதில் எதுவுமே கிடையாது. கடையில் கிடைக்காததால் ஏறுபவர்களே செய்துகொண்டார்கள். எதை வைத்து? காயலான் கடையில் கிடந்த இரும்பு, குப்பையில் கிடந்த அடுப்பு, தண்டவாளத்து ஓரம் கிடந்த நட்டு. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எங்கே தொடங்கியது?

பிரிட்டனில் பாறை ஏற்றம் ஒரு தனி விளையாட்டாகப் பிறந்தது 1886-இல் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கிரேட் கேபிள் மலையின் சரிவில் 'நேப்ஸ் நீடில்' என்ற பாறை ஊசி மாதிரி தனியாக நிற்கிறது. வால்டர் பேரி ஹாஸ்கெட் ஸ்மித் அதன் மீது தனி ஆளாக, கயிறுகூட இல்லாமல் ஏறினார்.

உச்சியில் நிற்க இடம் இருக்குமா என்று தெரியாமல், கீழிருந்து கல்லை எறிந்து பார்த்தார். எறிந்ததில் ஒரு கல் மேலேயே தங்கியது. 'சரி, தட்டையான இடம் இருக்கு' என்று துணிந்து ஏறினார். ஏறியதற்கு அடையாளமாகக் கைக்குட்டையை உச்சியில் விட்டுவிட்டு இறங்கினார்.

அதற்கு முன்பும் மலை ஏறினார்கள். ஆனால், பெரிய மலையின் உச்சியைத் தொடுவதுதான் அவர்கள் இலக்கு. சின்னப் பாறையாக இருந்தாலும், ஏறுவதற்காகவே ஏறுவது என்பதுதான் புதுசு.

கயிறு இருந்தும் பயன் இல்லையா?

கயிறு இருக்கே, விழுந்தா என்ன என்று கேட்கலாம். அன்றைய கயிறு சணல் நாராலோ மணிலா நாராலோ திரிக்கப்பட்டது. அது அதிகம் இழுபடாது. ஒருவர் வேகமாக விழுந்தால் அந்த அதிர்வு மொத்தமும் ஒரே நொடியில் கயிற்றின் மீது இறங்கும். கயிறு அறுந்துவிடும். அறுக்காவிட்டால், இடுப்பில் நேரடியாகக் கட்டிய முடிச்சு ஆளை நொறுக்கிவிடும்.

இதற்கு உதாரணம் ஆல்ப்ஸ் மலையில் 1865-இல் நடந்த மேட்டர்ஹார்ன் விபத்து. அந்தச் சிகரத்தை முதன்முதலில் தொட்ட 7 பேர் ஒரே வரிசையில் கயிறு கட்டி இறங்கினார்கள். ஒருவர் வழுக்க, கயிறு அறுந்தது. 4 பேர் உயிரிழந்தனர். அந்த அறுந்த கயிறு இன்றும் ஸ்விட்சர்லாந்தின் செர்மாட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதனால்தான் முன்னால் ஏறுபவருக்கு அன்று ஒரே ஒரு விதி: விழக் கூடாது. அவ்வளவுதான்.

இரும்பு முளையும் தீயணைப்பு வீரர்களின் வளையமும்

1910-ஐ ஒட்டி ஆல்ப்ஸ் பகுதியில் இரண்டு முக்கியமான மாற்றங்கள் வந்தன. டிரோல் பகுதியைச் சேர்ந்த மலை வழிகாட்டி ஹான்ஸ் ஃபீஷ்டில், தலைப்பகுதியில் துளை வைத்த இரும்பு முளையை உருவாக்கினார். இதற்குப் பெயர் பிட்டான். பாறை வெடிப்பில் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டால் அது பிடிமானம் ஆகிவிடும்.

ஆனா, கயிற்றை அதோடு இணைப்பது எப்படி? உயரத்தில் தொங்கிக்கொண்டே முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்ட முடியுமா? அதற்கு விடை சொன்னவர் ஜெர்மனியின் ஓட்டோ ஹெர்சாக். ம்யூனிக் தீயணைப்பு வீரர்கள் வைத்திருந்த, திறந்து மூடும் வளையத்தைப் பார்த்து அதையே பாறைக்குக் கொண்டுவந்தார். இன்றைய கேரபைனர் வளையத்தின் தொடக்கம் அதுதான்.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. ஜெர்மனியின் சாக்சனி பகுதி மணற்பாறை மென்மையானது. இரும்பு பட்டால் உடையும். அதனால் அங்கே வெடிப்புக்குள் கயிற்று முடிச்சை மட்டுமே செருகி ஏறும் பழக்கம் உருவானது. இன்றும் அங்கே அதே விதிதான்.

கொல்லுலையில் உருவான முளைகள்

ஐரோப்பிய முளைகள் மென்மையான இரும்பில் செய்யப்பட்டவை. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் இருப்பதோ கடினமான கருங்கல். அடித்தால் முளைதான் வளைந்தது.

ஸ்விட்சர்லாந்தில் பிறந்த கொல்லர் ஜான் சாலத்தே இதற்குத் தீர்வு கண்டார். 1940-களில் கடினமான எஃகில் முளை அடித்தார். பழைய ஃபோர்டு 'மாடல் ஏ' காரின் அச்சை உருக்கி அடித்தார் என்று சொல்லப்படுவது உண்டு.

அடுத்து வந்தவர் இவோன் சுவினார்ட். 1957-இல், இருபது வயதுகூட ஆகாத அவர் காயலான் கடையில் பழைய உலையும் பட்டறைக்கல்லும் வாங்கி, கொல்லு வேலையைத் தானே கற்றுக்கொண்டார். முதல் முளைகளைப் பழைய அறுவடை இயந்திரத்தின் கத்தியிலிருந்து செய்தார். பெற்றோர் வீட்டுக் கோழிக்கொட்டகைதான் பட்டறை. ஒரு மணி நேரத்துக்கு 2 முளை, ஒன்று ஒன்றரை டாலர். காரின் பின்பக்கத்தில் வைத்தே விற்றார்.

அதே 1957-இல் வாரன் ஹார்டிங் குழு, யோசெமிட்டியின் எல் கேபிடன் பாறையில் 'நோஸ்' பாதையைத் தொடங்கியது. உயரம் சுமார் 900 மீட்டர். வழியில் இருந்த ஒரு அகலமான வெடிப்புக்கு எந்த முளையும் பொருந்தவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? குப்பையில் கிடந்த பழைய அடுப்புகளின் கால்களைக் கழற்றி வந்து அடித்தார்கள்! அந்த வெடிப்புக்கு இன்றும் 'ஸ்டவ்லெக்' என்றுதான் பெயர். பல கட்டங்களாக 40 நாட்களுக்கு மேல் பாறையில் உழைத்து, 1958 நவம்பரில் உச்சியைத் தொட்டார்கள். 2018-இல் இரண்டு வீரர்கள் அதே பாதையை 2 மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார்கள்.

நைலான் வந்தது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸை ஜப்பான் பிடித்தது. மணிலா நார் வரத்து நின்றது. அமெரிக்க ராணுவம் நைலான் கயிற்றுக்கு மாறியது. நைலான் இழுபடும். விழும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். போருக்குப் பிறகு அந்தக் கயிறு ஏறுபவர்கள் கைக்கும் வந்தது. விழுந்தாலும் பிழைக்கலாம் என்ற நிலை அப்போதுதான் உருவானது.

தண்டவாளத்து நட்டு

பிரிட்டனில் முளை அடிப்பதைப் பலர் மதிக்கவில்லை. வெடிப்பில் ஒரு கூழாங்கல்லைச் செருகி, அதைச் சுற்றிக் கயிறு போடுவார்கள். வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலையில் ரயில்பாதை உண்டு. பாறைக்குப் போகும் வழியில், அந்தப் பாதையோரம் கிடந்த நட்டுகளைப் பொறுக்கி, ஓட்டையில் கயிறு கோத்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கயிற்றை அறுக்காமல் இருக்க உள்ளே இருக்கும் மரையை அரத்தால் தேய்த்து எடுப்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் இதற்கென்றே செய்த ஆப்புகள் விற்பனைக்கு வந்தன. ஆனாலும் பெயர் மாறவில்லை. இன்றும் அது 'நட்'தான்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் நட்சத்திரம் ஜோ பிரவுன், மான்செஸ்டரைச் சேர்ந்த பிளம்பர். அம்மா தூக்கிப்போட்ட கொடிக்கயிற்றோடு ஏறப் பழகியவர். 1955-இல் உலகின் மூன்றாவது உயரமான சிகரமான கஞ்சன்ஜங்காவில் முதலில் ஏறிய இருவரில் அவரும் ஒருவர்.

தன் வியாபாரத்தையே நிறுத்திய கொல்லர்

1970-இல் சுவினார்டின் நிறுவனம்தான் அமெரிக்காவில் மலையேற்ற இரும்புக் கருவிகளை அதிகம் விற்ற நிறுவனம். ஆனா அங்கேதான் சிக்கல். எஃகு முளையை அடிப்பதும் பிடுங்குவதும் திரும்பத் திரும்ப நடந்ததால், தலைமுடி அளவு வெடிப்புகள் விரல் நுழையும் ஓட்டைகளாகிவிட்டன. நோஸ் பாதையிலேயே இந்தச் சேதத்தை சுவினார்ட் நேரில் பார்த்தார்.

தன் வருமானத்தில் பெரும்பகுதி முளையிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தும், அதைக் குறைத்துவிட முடிவு செய்தார். 1972 விற்பனைப் பட்டியலில், பாறையைக் காயப்படுத்தாமல் ஏற வேண்டும் என்று விளக்கும் நீண்ட கட்டுரையையே வெளியிட்டார். கையால் செருகி கையாலேயே எடுக்கும் அலுமினிய நட்டுகளைப் பரிந்துரைத்தார். சில மாதங்களில் முளை விற்பனை சரிந்தது. நட்டுகளைச் செய்து கொடுத்து மாளவில்லை.

அதே சுவினார்ட் தொடங்கியதுதான் 'படகோனியா' என்ற ஆடை நிறுவனம்.

இன்று வீட்டிலேயே செய்யலாமா?

கூடாது. அன்று அவர்களுக்கு வேறு வழியில்லை, விலையும் கொடுத்தார்கள். இன்று சோதித்து முத்திரையிட்ட கருவிகள் கிடைக்கின்றன. எடை தாங்குமா என்பதை உயிரை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.