பெடியளும் புள்ளடியும்

"இப்பத்தைப் பெடியளுக்கு அரசியல் ஒண்டும் தெரியாது, வோட்டுப் போடவும் வாறேல்ல." தேர்தல் காலத்தில் திருகோணமலைத் தேத்தண்ணிக் கடைகளில் அடிக்கடி கேட்கிற கதை இது. ஆனா எங்கட வரலாற்றில் முதல் பெரிய தேர்தல் பகிஷ்கரிப்பைச் செய்த ஆக்களுக்கு அரசியல் தெரியாது என்று யாரும் சொல்லேலாது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கொடுத்தது. பிரித்தானியாவிலேயே பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை கிடைத்து அப்போது மூன்று வருசம்தான். பழைய தலைமுறைக்கு இது கூடிப்போச்சு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸுக்கோ இது காணாது, முழுச் சுயராச்சியம் வேணும். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்த, பாடசாலைகளில் சமபந்தி கேட்ட கூட்டம் அது. முன்னணியில் ஹன்டி பேரின்பநாயகம். அவர்களுடைய அழைப்பால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதியிலும் ஒருவரும் வேட்புமனுப் போடவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் காலி.

அந்த ஆக்களில் எனக்கு மரியாதை இருக்கு. ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துது. யாருக்காகச் சமபந்தி கேட்டார்களோ, அந்தச் சனத்துக்கும் பெண்களுக்கும் முதன்முதலா வோட்டுக் கிடைத்த வருசம் அது. அவர்கள் புள்ளடி போட இன்னும் மூன்று வருசம் காத்திருக்க வேண்டி வந்தது.

வடக்கில் நாலு தொகுதி காலியாக இருந்தால், சனம் கோபமாக இருக்கு என்று கொழும்புக்கு விளங்கும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து இருக்கிற எங்கட துறைமுகப் பக்கத்தில் கதிரை காலியாகவே இருக்காது. வேற ஆள் வந்து இருப்பார். (அவர் எதிரி என்று சொல்ல வரேல்ல. ஆனா 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் 2015, 2016இல்தான் காணிக்குத் திரும்பினது. அந்த மாதிரி விஷயத்தை விடாமல் கதைக்க ஒரு ஆள் வேணும்.)

கணக்கு இதுதான். மாவட்டத்துக்கு 4 ஆசனம். கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு ஒன்று போனஸ். மிச்சம் மூன்றைத்தான் விகிதப்படி பிரிப்பார்கள். 5 வீதத்துக்குக் கீழே எடுத்த கட்சி கணக்கிலேயே இல்லை. தமிழ் வாக்கு ரெண்டு மூன்றாகப் பிரிந்தாலோ, கொஞ்சப் பேர் வீட்டில் இருந்தாலோ, இருக்கிற ஒரு ஆசனமும் போயிடும். 2000ஆம் ஆண்டு போயேவிட்டது. மாவட்டத்தில் ஒரு தமிழரும் தெரிவாகவில்லை. அடுத்த வருசம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானதுக்கு அந்த அடியும் ஒரு காரணம்.

2005 ஜனாதிபதித் தேர்தலில், புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தது 1.21 வீதம். அதே நாள் திருகோணமலை மாவட்டத்தில் 60 வீதத்துக்கும் மேல். மூன்று சமூகமும் சேர்ந்த எண் அது, உண்மைதான். ஆனாலும் இது வேற மண் என்று விளங்கும். மஹிந்த ராஜபக்ஷ நாடு முழுக்க வென்ற வித்தியாசம் ரெண்டு லட்சத்துக்கும் குறைவு.

இனிப் பெரியாக்களிட்டயும் ஒன்று கேட்கவேணும். சம்பந்தன் ஐயா 1977இல் முதல்தரம் தெரிவானபோது அவருக்கு 44 வயசு. 2024 ஜூன் 30 காலமானபோது 91, அப்பவும் எம்.பி. அந்த இடைவெளியில் எத்தனை பேரைப் பழக்கி எடுத்திருக்கலாம்! அந்த நவம்பரில் யாழ்ப்பாணத்தில் பிரிந்து கேட்ட தமிழ்க் கட்சிகள் இங்க மட்டும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் சேர்ந்து கேட்டன. 2000ஆம் ஆண்டுப் பயம்தான். ஒரு ஆசனம் தப்பியது. தேசிய மக்கள் சக்திக்கு 2, ஐக்கிய மக்கள் சக்திக்கு 1.

என்னோட படிக்கிற சிலர் இன்னும், "ஒருத்தரும் சரியில்ல, போடாம விடுவம்" என்றுதான் கதைக்கினம். அவையோட நான் சண்டை பிடிக்கிறதில்லை, 2000ஆம் ஆண்டு முடிவைக் காட்டுவன். ஒருத்தி அதைப் பார்த்திட்டுக் கேட்டாள்: "சரி, போடுறன். லிஸ்டில எங்கட வயசில எத்தனை பேர்?" கட்சிக்காரர் வீட்டுக்கு நோட்டீசோட வரேக்க, இதையே நேர கேட்கப்போறாளாம்.