வரைபடம் ஏறாத லொறி: இலங்கைச் சரக்குச் சாரதிகளின் வழியறிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கிருலப்பனைச் சந்தியில் இரண்டு பெருவீதிகள் கூடுகின்றன. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 வீதி இங்கே ஹைலெவல் வீதி என்ற பெயரில் ஓடுகிறது. வடக்கேயிருந்து வரும் பேஸ்லைன் வீதி இங்கு வந்து அதனைத் தொடுகிறது. பண்டாரவளைப் பக்கத்து மரக்கறி லொறிக்கும், பேலியகொடவில் பாதிச் சரக்கை இறக்கிவிட்டு மீதியோடு வரும் யாழ்ப்பாண லொறிக்கும் இது பொதுவான சந்தி. இதற்கு அண்மையில், நாரஹேன்பிட்டியின் கிருல வீதியில், நில அளவைத் திணைக்களத்தின் தலைமையகம் இருக்கிறது. 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஆளுநர் பிரெடரிக் நோர்த் தொடக்கிய திணைக்களம் அது. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி இலங்கை முழுவதையும் 72 தாள்களில் வரையும் வேலை 1897இல் தொடங்கி 1924இல் முடிந்தது.

அந்தத் தாள்கள் லொறிச் சாரதியின் கைக்கு வந்ததாகச் சொல்ல இடமில்லை. சாரதிகளின் எழுத்தறிவின்மையை இதற்குக் காரணமாகக் காட்டுவது வழமை. எனக்கு அது போதாத விளக்கம். ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்பதை வரைபடம் சொல்லும். சாரதி கேட்பது வேறு: இந்தப் பாரத்தோடு, இந்த லொறி, இன்றைக்கு அங்கே போய்ச் சேருமா? இலங்கை வீதிகளில் அதற்கான விடை நூற்றாண்டுக்கு மேலாக மனிதரிடமே இருந்துவந்திருக்கிறது.

லொறிக்கு முந்திய காலத்தில் வழி தவறுவதற்கு வாய்ப்பே குறைவு. மேற்குக் கரையில் சரக்கு வாய்க்கால்களில் படகேறிப் போனது. வாய்க்கால் வேறெங்கும் திரும்பாது. உள்நாட்டுக்குப் பொதிமாட்டுத் தவளங்கள் தலைமுறைகளாகப் பழகிய தடத்திலேயே போயின. முன்பின் அறியாத ஊரை நோக்கிப் பெருந்தொகையான தமிழர் நடக்கத் தொடங்கியது கோப்பிக் காலத்தில்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்த தென்னிந்தியத் தொழிலாளருக்கு வழி கங்காணியின் தலைக்குள் இருந்தது. எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த அம்பலத்தில் இரவு தங்கலாம் என்பதை அவனே அறிந்திருந்தான். அவன் கணக்குப் பிசகிய இடங்களில் கொள்ளைநோயும் பட்டினியும் ஆட்களைத் தின்றன.

அக்காலத்திலேயே பெருவீதிகளும் உருவாகின. கொழும்பு–கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் 1832இல் முடிந்தது. பின்னர் தோமஸ் ஸ்கின்னரின் பொறுப்பில் வீதிகள் நாடெங்கும் நீண்டன. வீதியோடு மைல்கல் வந்தது. இலங்கைத் தமிழர் அதைக் கட்டை என்றனர். விரைவிலேயே கட்டை என்பது மைலுக்கும் இடத்துக்கும் பெயராயிற்று. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை இன்றும் ஒரு குடியிருப்பின் முகவரி. அந்தக் கணக்குக் கொழும்பிலிருந்து தொடங்கியதல்ல. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் 321 கிலோமீற்றர், அதாவது சுமார் 200 மைல். கிளிநொச்சியின் 155 அந்த வரிசையில்தான் பொருந்தும். மெட்ரிக் முறை வந்து கிலோமீற்றர்க் கற்கள் நட்ட பிறகும் மூதூரில் 64ஆம் கட்டை 64ஆகவே நிற்கிறது. மலேசியத் தோட்டத் தமிழரும் கட்டைக் கணக்கில் இடம் சொல்லிப் பழகியவர்களே. காட்டை வெட்டிப் போட்ட நெடுஞ்சாலையில் வேறு அடையாளம் இல்லாத ஒருவனுக்கு எண்ணிக்கைதான் ஊர்.

வீதி எண்கள் அப்படி ஒட்டவில்லை. ஏ-3, ஏ-12 என்று யாரும் வழி சொல்வதில்லை; “சிலாபம், புத்தளம் பிடிச்சு அநுராதபுரம் போ” என்பார்கள். தமிழ்ப் பேச்சில் ஊன்றிய ஒரே எண், கண்டி–யாழ்ப்பாண வீதியான ஏ-9. அதைப் பிரபலமாக்கியது போர்.

லொறிச் சாரதியின் கல்வி பெரும்பாலும் கிளீனராக ஏறுவதில் தொடங்குகிறது. சரக்கு ஏற்றி இறக்கி, பின்நோக்கி எடுக்கும்போது கைகாட்டி, இரவில் சாரதி தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்து வரும் பையன் சில வருடங்களில் பாதையை மனத்தில் பதித்துக்கொள்கிறான். சீகல், வைட் என்ற உளவியலாளர்கள் 1975இல் இடவறிவை மூன்று படியாகப் பிரித்தார்கள்: முதலில் அடையாளங்கள், பிறகு அவற்றைக் கோக்கும் தடம், கடைசியாக மேலிருந்து பார்ப்பதுபோன்ற முழுப்பரப்பு. இலண்டன் வாடகைக் கார்ச் சாரதிகள் சாரிங் குரொஸிலிருந்து ஆறு மைல் ஆரைக்குள் ஏறத்தாழ 25,000 தெருக்களைப் படித்துப் பரீட்சைக்குத் தோற்றுவது மூன்றாம் படிக்கான பயிற்சி. எங்கள் சாரதிக்கு அந்தப் பரீட்சை இல்லை. தெரிந்த தடத்தின் கடைசி அடையாளம் வரை போய், அங்கிருந்து அடுத்ததைக் கேட்டறிவதே அவர் முறை. சீகல்–வைட் வரிசையில் இதற்கு இடமில்லை. அவர்கள் பார்த்தது தனிமனிதனின் மனத்தை. இங்கே அறிவு வழிநெடுகப் பல பேரிடம் பிரிந்து கிடக்கிறது.

அந்தப் பல பேர் கூடும் இடங்களைத் தேடினால் முதலில் வருவது முறிகண்டிப் பிள்ளையார். ஏ-9இல் கிளிநொச்சிக்குத் தெற்கே, எந்த வாகனமும் நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தாமல் தாண்டாத கோயில் அது. காலி வீதியில் களுத்துறைப் போதியில் உண்டியலில் காசு போட நிறுத்துகிறார்கள். புத்தளம் வீதியில் மாதம்பைத் தேவாலயத்தில் குதிரைச் சிலையருகே நிறுத்துகிறார்கள். பக்தியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எதிர்த்திசையில் வந்தவரும் அதே இடத்தில் நிற்கிறார். எந்தப் பாலத்தில் வெள்ளம், எங்கே பொலிஸ் மறிக்கிறது என்ற செய்தி கச்சான் சரையோடு கைமாறுகிறது. நகரத்தின் மனப்படத்தை ஆராய்ந்த கெவின் லிஞ்ச் 1960இல் சந்திப்புமுனை என்று வகுத்ததற்கு முறிகண்டியைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்நாட்டில் இல்லை.

கிழக்கில், லொறி போய்ச் சேருமா என்ற கேள்வி இன்னும் கடுமையாக இருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலையிலிருந்து கரையோரமாகப் போகும் லொறி படகுத்துறைகளை நம்பியிருந்தது. படகு எத்தனை மணிக்கு நிற்கும், பாரத்தைத் தாங்குமா என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. வடக்கில் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் பாலம் வந்தது 2011இல். அதன் பின்னரே மன்னார்ப் பக்கத்திலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போவது லொறிக்காரர் எண்ணிப் பார்க்கும் மாற்றுவழியாயிற்று.

போர்க்காலம் இந்த வழியறிவையெல்லாம் தலைகீழாக்கியிருந்தது. 1990இல் வடக்குக்கான தரைவழியும் ரயில்வழியும் அறுந்தன. 2002 போர்நிறுத்தத்தோடு ஏ-9 திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடிற்று. திறந்திருந்த நான்கு வருடங்களில் பாதை தெரிந்திருந்தது மட்டும் போதவில்லை. ஓமந்தையிலும் முகமாலையிலும் இரு தரப்பின் சாவடிகள், அடையாள அட்டை, சரக்குப் பட்டியல், புலிகளின் வரி என்று எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கியே பயணம் திட்டமிடப்பட்டது. தூரம் மைலிலிருந்து மணித்தியாலத்துக்கு மாறியது இக்காலத்தில். சிங்களம் பேசத் தெரிந்த கிளீனருக்கு அப்போது இருந்த மதிப்பைத் தனியே ஆராய வேண்டும். 2022 எரிபொருள் நெருக்கடியின்போதும் இதே நிலைதான்: கியூஆர் கோட்டாவில் கிடைக்கும் டீசல் எதுவரை தாங்கும் என்பதே பாதையைத் தீர்மானித்தது.

நெடுவீதி ஒருபுறமிருக்க, பயணத்தின் மிகக் கடினமான பகுதி கடைசி அரை மைல். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கைகளுக்குக் கடற்பக்கமா, தரைப்பக்கமா என்று முதலில் கேட்க வேண்டும். கடற்பக்கத்தில் தவறான ஒழுங்கைக்குள் நுழைந்த லொறி திரும்ப இடமின்றிப் பின்நோக்கியே வெளியேற நேரும். கிருலப்பனையின் உள்வீதிகளில் வீட்டிலக்கம் சாய்கோட்டுக்கு மேல் சாய்கோடாகப் பெருகி நிற்கும். அடுத்த இலக்கம் அடுத்த வீடாக இருக்கும் என்ற உறுதியில்லை. தெருக்களுக்குப் பழைய ஆங்கிலப் பெயர் ஒன்று, புதிய மாவத்தைப் பெயர் ஒன்று. இவற்றையெல்லாம் தீர்த்துவைத்தவர் சந்தியில் நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதி.

வரைபடத்தைப் பொதுமக்களுக்குக் கொண்டுவர முயன்ற ஒரு தமிழரை இங்கே குறிப்பிட வேண்டும். நில அளவையாளர் நாயகமாக இருந்த தி. சோமசேகரம் 1988இல் வெளியான தேசிய தேசப்படத் தொகுதியின் பதிப்பாசிரியர். 1997இல் அர்ஜுனா தேசப்படத்தையும் கொண்டுவந்தார். மாணவருக்கும் அலுவலகங்களுக்கும் அவை பெரும்பயன் தந்தன. லொறிக்குள் வரைபடத்தை ஏற்றியது கைபேசிதான். 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸின் பொதுப்பயன்பாட்டுத் துல்லியத்துக்கு இட்டிருந்த தடையை நீக்கியது அதற்கான முதற்படி. இன்று கடைக்காரர் வட்ஸ்அப்பில் தன் இருப்பிடத்தை அனுப்புகிறார். சாரதி அதை அமுக்கிவிட்டு வருகிறார்.

ஆனால் பரவலாகப் பயன்படும் கைபேசி வரைபடங்கள் காருக்காகச் செய்யப்பட்டவை. குறுக்குவழி என்று அவை காட்டும் வீதியில் ரயில் பாலம் தாழ்ந்திருக்கலாம், மின்கம்பி தொங்கலாம், மதகு ஐந்து தொன்னுக்கு மேல் தாங்காமல் இருக்கலாம். ஆகவே அனுபவசாலி இருப்பிடக் குறியை வாங்கிக்கொண்டும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கிறார்: “அண்ணை, பெரிய லொறி உள்ளுக்கு வருமோ?” முறிகண்டியில் கேட்ட கேள்விதான் இது.

பாலங்களின் எடை வரம்பும் உயர வரம்பும் இப்போது வீதியோரப் பலகைகளில் நிற்கின்றன. லொறி அங்கே வந்து சேர்ந்த பிறகே கண்ணில் படுகின்றன. வீதி அபிவிருத்தி அதிகார சபை அவற்றை மூன்று மொழிகளிலும், கைபேசிச் செயலிகள் எடுத்தாளக்கூடிய வடிவிலும் வெளியிட வேண்டும். படகுத்துறைக் காலத்தையும் சாவடிக் காலத்தையும் ஓட்டிக் கடந்த சாரதிகளின் வாய்மொழியைப் பதிவுசெய்ய எங்கள் பல்கலைக்கழகங்களின் புவியியல், வரலாற்றுத் துறைகள் முன்வர வேண்டும். அந்தச் சாரதிகளில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.