ஏற்றத்தில் திணறும் லாரி: நாசில் பார்த்த காதுகளின் கதை

கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கு 'நாடு' என்றுதான் பெயர். ஆலத்தூர் நாடு அதில் ஒன்று. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு, மிளகு, வாழை இறங்கும். கீழிருந்து சிமெண்ட், கம்பி, அரிசி ஏறும். காரவள்ளிச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இப்படி ஒரு ஏற்றம் இருப்பது விசேஷம்தான். ஏன்னா, சமதரையில் பதுங்கியிருக்கும் எஞ்சின் கோளாறு ஏற்றத்தில்தான் வெளியே வரும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதற்குள் டீசலைப் பனி மாதிரி தூவணும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்கு, தூவுவதற்கென்றே தனியாக ஒரு காற்று கம்ப்ரஸர் தேவைப்பட்டது. அந்தப் பாரத்தை லாரியில் ஏற்றவா முடியும்? ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1922-ல் ஆராய்ச்சியைத் தொடங்கி, 1927-ல் கைக்கடக்கமான பம்ப்பைத் தொடர்ந்து தயாரிக்க ஆரம்பித்தது. டீசல் லாரி பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே பாஷின் கூட்டில் 1951-ல் பெங்களூரில் வந்ததுதான் மைக்கோ. 2008-ல் பெயரை மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்களுக்கு அது இன்னும் மைக்கோ பம்ப்தான்.

இந்த பம்ப்போடு ஒரு வைத்திய முறையும் வளர்ந்தது. எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்குதா? ஐடிலில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் தொய்ந்தால் அந்த சிலிண்டர் நல்லா இருக்கு. எந்த மாற்றமும் இல்லையா, குற்றவாளி அங்கேதான். நாசிலைக் கழற்றி கை டெஸ்டரில் மாட்டி அடித்தால், ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் சுருக்கென்று தூவணும். ஒழுகினால் வேலை இருக்கு. புகையும் பேசும்: கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு; வெள்ளை என்றால் எரியாத டீசல்; நீலம் என்றால் ஆயில்.

இதில் மலை ஒரு குழப்பம் பண்ணும். 1,000 மீட்டருக்கு மேலே காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்துவிடுகிறது. டர்போ இல்லாத பழைய எஞ்சின், நாசில் சுத்தமாக இருந்தாலும் அங்கே கறுப்பாகத்தான் கக்கும். அதைப் பார்த்து உடனே பம்ப்பைப் பிரிப்பவர் நல்ல மெக்கானிக் இல்லை. முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்கணும்.

அப்புறம் காலம் மாறியது. நாடு முழுக்க 2017 ஏப்ரலில் பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்து, கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில் திறக்கும் காமன் ரெயில் முறை லாரிகளுக்குப் பரவியது. ஜப்பானில் டென்ஸோ 1995-லேயே இதை லாரிக்குக் கொண்டுவந்திருந்தது. அசோக் லேலண்ட் மட்டும் பி.எஸ்.4 வரை பல எஞ்சின்களில் பழைய பம்ப்பை விடாமல் வைத்திருந்தது. ரோட்டோரப் பட்டறைகளை நம்பி ஓடும் நாட்டில் அது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். ஓடும் எஞ்சினில் பழைய பழக்கத்தில் நட்டைத் தளர்த்தினால், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஐம்பது வருஷக் கைப்பழக்கம் ஒரேயடியாக ஆபத்தாகிப் போச்சு.

அதற்குப் பதிலாக வந்தது ஸ்கேனர். ஏற்றத்தில் வண்டி இழுக்கல, விளக்கு எரியுது, ஸ்கேனர் 'ரெயில் அழுத்தம் குறைவு' என்கிறது. அது நோயின் பெயர் இல்லைங்க, காய்ச்சல் இருக்குன்னு சொல்வது மாதிரி. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டேங்க் பைப் ஏர் எடுக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், ஏதோ ஒரு இன்ஜெக்டர் டீசலை அளவுக்கு மீறித் திருப்பி அனுப்பலாம். கோடை மட்டும் நம்பி ஆறு இன்ஜெக்டரையும் மாற்றினால், ஒற்றை லாரிக்காரருக்குச் சில மாதத் தவணைப் பணம் காலி.

கடைசிச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு எளிய சோதனை இருக்கு. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு பாட்டிலைக் கட்டி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, எது அதிகம் நிரம்பியது என்று பார்ப்பது. ரிட்டர்ன் பாதை ஹெட்டுக்குள்ளேயே போகும் எஞ்சின்களில் இது நடக்காது. எஞ்சினை நிறுத்தி, அழுத்தம் இறங்கியபின், ரெயிலில் ஒரு வாயை மூடியால் அடைத்து மறுபடி ஓடவிடணும். அடைத்ததும் அழுத்தம் ஏறினால் ஆள் சிக்கினான். பழைய நட்டுத் தளர்த்தும் யோசனையேதான், வேறு உடுப்பில்.

ஆனால் கண்டுபிடிப்பதோடு வேலை முடியல. பல புது இன்ஜெக்டர்களின் உடம்பில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோடு பொறித்திருக்கும். அதை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றணும், இல்லைன்னா டீசல் அளவு துல்லியமாக இருக்காது. ஏற்றுவதற்கு வேண்டிய சாஃப்ட்வேர் கையில் இல்லாத சின்னப் பட்டறைக்காரர், கோளாறைச் சரியாகப் பிடித்த பிறகும் வண்டியை வேறு இடத்துக்கு அனுப்பி வைக்கிறார்.