ஹோர்னெல்: ஒரு குடும்பப் பெயரும் மன்னார்க் கடலும்

மன்னார் பெருநிலப்பரப்பில், வங்காலைக்கு அண்மையில் அமைந்துள்ள நறுவிலிக்குளம் என்ற கிராமத்தின் பெயரை விளக்க அகராதி தேவையில்லை. நறுவிலி ஒரு மரம். அதனையடுத்து ஒரு குளம். எமது ஊர்ப் பெயர்களிற் பல இவ்வாறு மரத்தையும் நீரையும் மண்ணையும் கொண்டே அமைந்துள்ளன. ஆங்கிலேயரிடம் வேறொரு வழக்கமும் உண்டு. தந்தைவழி வரும் குடும்பப் பெயரை அவர்கள் ஊருக்கும் தெருவுக்கும் பாடசாலைக்கும் சூட்டி வந்தனர். தந்தையின் பெயரை முதலெழுத்தாக மாத்திரம் கொள்ளும் தமிழரும் முஸ்லிம்களும் இம்முறைக்கு அதிகம் பழக்கப்பட்டவர்களல்லர். போர்த்துக்கேயர் காலத்தில் வந்த குரூஸ், பீரிஸ் போன்ற பெயர்களைத் தலைமுறைகளாகப் பேணிவரும் மன்னார்க் கத்தோலிக்கருக்கு அது நன்கு விளங்கும்.

ஆங்கிலக் குடும்பப் பெயர்களுள் பெரிதும் வழங்காத ஒன்று 'ஹோர்னெல்' என்பதாகும். ஆயினும், அப்பெயரைத் தாங்கியோர் பலர் வெவ்வேறு துறைகளிற் புகழ் பெற்றுள்ளனர். அவர்களுள் ஒருவர் எமது மன்னார்க் கடலின் அடித்தளத்தையே ஆராய்ந்தவர். இப்பெயரைத் தேடும் மாணவர் ஒருவரை மற்றொருவராகக் கொள்ள இடமுண்டு என்பதால் அவர்களைப் பற்றிய குறிப்புகளை இங்கு தொகுத்துத் தருகின்றோம்.

ஊரும் பாடசாலையும்

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஸ்டூபென் மாவட்டத்தில் ஹோர்னெல் என்ற சிறு நகரம் உள்ளது. அங்கு ஆரம்பத்திற் குடியேறியோருள் ஒருவரான ஜோர்ஜ் ஹோர்னெலின் பெயரால் அது 'ஹோர்னெல்ஸ்வில்' என அழைக்கப்பட்டு, 1906ஆம் ஆண்டில் 'ஹோர்னெல்' எனச் சுருக்கப்பட்டது. ஈரி புகையிரதப் பாதையால் வளர்ந்த இந்நகரில் ஏறத்தாழ 8,000 பேர் வசிக்கின்றனர். புகையிரதப் பெட்டிகளை அமைக்கும் தொழில் இன்றும் அங்கு நிலைத்துள்ளது.

கனடாவின் விமானப்படை வீரரான டேவிட் ஹோர்னெல் (1910-1944) ஒன்ராறியோ மாகாணத்தின் மிமிக்கோவிற் பிறந்தவர். 1944 ஜூன் 24ஆம் திகதி, ஷெட்லாந்துத் தீவுகளுக்கு வடக்கே ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றைத் தாக்கி மூழ்கடித்தார். எதிரியின் சூட்டில் தீப்பற்றிய அவரது விமானம் கடலில் இறங்கியது. அதிலிருந்த எண்மரும் ஒரேயொரு மிதவையை மாறிமாறிப் பற்றிக்கொண்டு சுமார் 21 மணித்தியாலங்கள் குளிர்நீரிற் போராடினர். மீட்கப்படுமுன் இருவர் இறந்தனர். ஹோர்னெல் மீட்கப்பட்ட பின்னர் உயிர்நீத்தார். இறந்தபின் அவருக்கு விக்டோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. ரொறன்ரோவில் ஒரு பாடசாலை அவரது பெயரைத் தாங்கியுள்ளது.

கல்வியாளரும் ஓவியரும்

சேர் வில்லியம் ஹோர்னெல் 1913 முதல் வங்காள மாகாணத்தின் பொதுக் கல்விப் பணிப்பாளராகக் கடமையாற்றியவர். 1917இல் அமைக்கப்பட்ட கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணைக்குழுவில் அசுதோஷ் முகர்ஜி, அலிகாரைச் சேர்ந்த சியாவுத்தீன் அஹ்மத் ஆகியோருடன் அவரும் அங்கம் வகித்தார். பின்னர் 1924 முதல் 1937 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார்.

ஸ்கொட்லாந்து ஓவியரான எட்வேர்ட் அட்கின்சன் ஹோர்னெல் (1864-1933) அவுஸ்திரேலியாவிற் பிறந்தவர். ஆங்கிலத்தில் அவரது பெயரின் இறுதியில் ஒரு எழுத்துக் குறைவு; தமிழில் எழுதும்போது அவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது. இவர் 1907இல் இலங்கைக்கு வந்தவர் என்பதால், அதே காலப்பகுதியில் இந்நாட்டோடு தொடர்புற்றிருந்த விஞ்ஞானி ஹோர்னெலுடன் இவரை இணைத்துக் குழம்பாதிருத்தல் வேண்டும்.

மன்னார்க் கடலின் ஹோர்னெல்

எமக்கு மிக நெருக்கமானவர் ஜேம்ஸ் ஹோர்னெல் (1865-1949) ஆவார். 1891இன் பின்னர் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடைபெறாமற் போகவே, காரணத்தைக் கண்டறியுமாறு இங்கிலாந்துப் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மனை அன்றைய அரசாங்கம் அழைத்தது. 1902இல் ஹேர்ட்மனின் உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹோர்னெல், பேராசிரியர் நாடு திரும்பிய பின்னரும் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். அவர்களது அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது.

1903இல் முத்துக்குளிப்பு மீண்டும் தொடங்கியது. 1905இல் மரிச்சுக்கட்டிக் கரையில் பல்லாயிரக்கணக்கானோர் கூடிய தற்காலிக நகரமே எழுந்தது. அவ்வாண்டு எடுக்கப்பட்ட சிப்பிகளின் தொகை 8 கோடியைத் தாண்டியது. மறுவருடமே வருடாந்தம் 310,000 ரூபா வாடகைக்கு, 20 வருடங்களுக்கு, முத்துப் பார்கள் தனியார் கம்பனியொன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆனால் 1907இன் பின்னர் சிப்பி வளம் வற்றியது. குத்தகைக் காலம் நிறைவுறுமுன்னரே கம்பனி முடிவுக்கு வந்தது. கடலின் போக்கை ஒப்பந்தத்தால் கட்டிவைக்க இயலாது என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

சிப்பியினுட் புகும் நாடாப்புழுவின் குடம்பியைச் சுற்றியே முத்து உருவாகின்றதென ஹேர்ட்மனும் ஹோர்னெலும் கருதினர். பின்வந்த ஆய்வாளர்கள் அதனை ஏற்கவில்லை. ஆயினும் ஹோர்னெலின் உழைப்பு அத்துடன் முடிந்துவிடவில்லை. 1908இல் சென்னை மாகாண மீன்பிடித் துறையிற் சேர்ந்து அதன் பணிப்பாளராக உயர்ந்தார். சங்கு பற்றி 1914இலும், இந்தியப் படகுகளின் அமைப்புப் பற்றி 1920இலும், மன்னார் வளைகுடா, பாக்குநீரிணை முத்துக்குளிப்புப் பற்றி 1922இலும் அவர் எழுதிய நூல்கள் எமது கரையோர வரலாற்றைக் கற்போர் தவிர்க்கவியலாதவை.

பெயர் பெற்றவரும் பெயரற்றவரும்

இங்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். அந்த விஞ்ஞானிகள் ஆராய்ந்த கடலடித் திட்டுகளுக்கு அவர்கள் வருமுன்னரே பெயர்கள் இருந்தன. பெரிய பார், செவல் பார், மோதரகம் பார், முத்துவாரத்துப் பார், வங்காலைப் பார் என எமது கடலோடிகள் இட்ட பெயர்களே ஆங்கில அறிக்கையிலும் இடம்பிடித்தன. 'பார்' என்ற தமிழ்ச் சொல்லும் விஞ்ஞானச் சொல்லாக அதில் நிலைபெற்றது. கரையில் நின்று பார்ப்பவருக்கு ஒரே நீராகத் தோன்றும் கடலை, ஆழத்தாலும் அடித்தளத்தாலும் வகுத்துப் பெயரிட்டோர் எமது முன்னோரே.

ஆனால் அவ்வாறு பெயரிட்டோரின் பெயர்கள் எங்கே? தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் ஒரே கடலில் மூச்சடக்கி இறங்கினர். படகில் நின்று கயிறு பிடித்தோரின் விழிப்பில் அவர்களின் உயிர் தங்கியிருந்தது. சுறாக்களைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டிகள் இன்றி அவர்கள் நீரில் இறங்குவதில்லை. எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு குளித்தோரையும் எஞ்சியது அரசையும் சேர்ந்தது. அறிக்கைகளில் அவர்கள் தொகையாகவே எண்ணப்பட்டனர்.

ஜேம்ஸ் ஹோர்னெலைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. படகின் ஒவ்வோர் உறுப்பையும் கூர்ந்து நோக்கிக் குறித்துவைத்தவர் அவர். அவர் குறித்தவற்றை அவரது நூல்களில் இன்றும் காணலாம். நாம் குறிக்காதவை எம் கண்முன்னேயே மறைந்து வருகின்றன. 1990இல் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையும், 2009 வரை நீடித்த யுத்தத்தில் தமிழர் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தமையும் நிலத்தை மாத்திரமன்றி நினைவையும் சிதறடித்தன. திரும்பி வந்து காணியின் எல்லையை நிறுவ முயன்றோர், குளத்தினதும் துறையினதும் பழைய பெயர் எத்துணை பெறுமதி வாய்ந்த சாட்சி என்பதை அனுபவத்தால் அறிவர்.

எனவே சிலாவத்துறை, அரிப்பு, வங்காலை, மரிச்சுக்கட்டி, நறுவிலிக்குளம் முதலிய ஊர்களின் குளங்கள், துறைகள், பார்கள் ஆகியவற்றின் பெயர்களையும், அவற்றை அறிந்த முதியோரின் பெயர்களையும் பாடசாலைகளும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் ஒன்றிணைந்து பதிவு செய்தல் காலத்தின் தேவையாகும். ஒரே கடலில் ஒருவரது கயிற்றை மற்றவர் பிடித்த இரு சமூகங்களுக்கும் இது பொதுவான கடமை. தொலைதேசத்துக் குடும்பப் பெயரொன்றின் வரலாற்றை இன்று இலகுவாகத் திரட்ட முடிவது, அதனை எவரோ உரிய காலத்தில் எழுதிவைத்தமையாலேயே. எமது பெயர்களை எழுதிவைக்க வேண்டியவர்கள் நாமே.