மெய்யியலாளர் எத்தனை வகையினர்? ராகலையிலிருந்து ஒரு பார்வை

தத்துவஞானி என்றதும் நூல்களின் நடுவே அமர்ந்திருக்கும் ஒருவரின் உருவமே நம் மனதில் எழுகின்றது. இந்த உருவத்துக்குள் அடங்காத பலரை நமது வரலாறு கண்டிருக்கின்றது. அவர்களை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

மெய்ம்மையைத் தேடுவோரை வகைப்படுத்தியவர்களுள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) முக்கியமானவர். 1095இல் பக்தாத் நிழாமிய்யாக் கல்லூரிப் பதவியைத் துறந்து வெளியேறிய அவர், பின்னாளில் எழுதிய 'அல்முன்கித்' என்னும் நூலில் நான்கு கூட்டத்தாரைக் குறிப்பிடுகின்றார். வாதத்தால் கொள்கையைக் காக்கும் முதகல்லிமூன்கள், பிழை செய்யா இமாமிடமே அறிவு உண்டு எனும் பாத்தினிய்யாக்கள், தர்க்கத்தை நம்பும் பல்ஸபாவாதிகள், அனுபவத்தால் அறியும் ஸூபிகள் என்போரே அந்நால்வர். அவருக்கு மறுப்பு எழுதிய இப்னு றுஷ்தோ காழியாகத் தீர்ப்பளித்தும் மருத்துவம் பார்த்தும் வாழ்ந்தவர்.

கஸ்ஸாலியின் பகுப்பு, தேடும் வழியை வைத்துச் செய்யப்பட்டது. தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை நோக்கினால், தேடியவர் எந்த வாழ்விலிருந்து தேடினார் என்றும் கேட்க வேண்டியிருக்கின்றது. தக்கலை பீர் முஹம்மது அப்பா தறியில் இருந்தவர் என்பது வழிவழி வந்த செய்தி. குணங்குடி மஸ்தான் சாகிபு வீட்டையும் உறவையும் துறந்து திரிந்தவர். அவரைக் குருவாகப் போற்றியோரில் இந்துக்களும் இருந்தனர். கீழக்கரை ஆசியா உம்மாள் வீட்டின் மேல்மாடியிலேயே தனித்திருந்து ஞானப் பாடல்கள் இயற்றியவர். 'மேல்வீட்டுப் பிள்ளை' என்றே ஊரார் அவரை அழைத்தனர்.

குணங்குடியார் மறைந்த 1838ஆம் ஆண்டிலேதான் கண்டியில் சித்திலெப்பை பிறந்தார். புறக்டராகத் தொழில் புரிந்த அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். மறைவுக்கு முந்திய ஆண்டான 1897இல் 'அஸ்றாறுல் ஆலம்' என்னும் மெய்ஞ்ஞான நூலை வெளியிட்டார். பாடசாலைக்காக அலைந்த ஒருவர் படைப்பின் இரகசியங்களையும் சிந்தித்தார். இரண்டும் அவருக்கு வேறு வேறு வேலைகளல்ல.

இத்தனை பேரையும் எண்ணிய பின்னரும் ஒரு வகையினர் எஞ்சுகின்றனர். அவர்களைக் காண ராகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குத்தான் வர வேண்டும்.

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன்கூத்து நடைபெறும். சிவனின் கண்ணால் காமன் எரிகின்றான், ரதி புலம்புகின்றாள், பின்னர் காமன் உயிர்த்தெழுகின்றான். பகலெல்லாம் கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் பனியில் விழித்திருந்து இதைப் பார்க்கின்றனர். ஆசையை எரித்துவிட முடியுமா, எரித்தால் உலகம் நிலைக்குமா என்பதே கூத்தின் உள்ளே கிடக்கும் கேள்வி. இதே கேள்விக்கு இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில், நப்ஸைப் பயிற்றும் அதிகாரத்தில் விடை தருகின்றார். இச்சையையும் கோபத்தையும் வேரோடு களைவது நோக்கமல்ல, நடுநிலைக்குக் கொண்டுவருவதே நோக்கம் என்கின்றார் அவர். நம்பிக்கையாலும் வழிபாட்டாலும் இரண்டும் வேறானவை. ஆயினும் கேள்வி ஒன்றே. ஒன்று நூலாகியது, மற்றது லயத்து மக்களின் இராக்கண்விழிப்பாகியது.

அந்த மக்களிடம் இன்னொரு கேள்வியும் திணிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. தந்தை, பாட்டன் பிறந்த இடத்துக்குப் பத்திரம் காட்டச் சொன்னது. 'நான் யார்' என்று ஞானிகள் தாமாகக் கேட்ட வினாவை இவர்களிடம் அரசு விண்ணப்பப் படிவத்தில் கேட்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பல குடும்பங்கள் கடல் கடந்தன. எஞ்சியோருள் பலருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. அரை நூற்றாண்டாக அந்த வினாவைச் சுமந்தவர்கள் அதைப் பற்றிச் சிந்திக்கவே இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நமது இலக்கிய வரலாறுகள் ஏடு விட்டுச் சென்றவர்களை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. தோட்டத்துக் கடைவீதிகளில் கல்லாவில் இருந்தபடியே மார்க்கமும் மறுமையும் பேசிய நம்மவர்களும், அவர்களோடு எதிர்வாதம் புரிந்த தொழிலாளர்களும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அக்காலத்தை அறிந்த முதியவர்கள் இன்னும் சிலரேனும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமாக. இல்லாவிடில், மெய்யியலாளருள் ஒரு வகையினரை நாமும் நாடற்றவர்களாக்கியவர்களாவோம்.